ரத்தம் எடுக்கும் முன் கேட்க வேண்டியது

பயோடெக்னாலஜி முடித்து மரபணு ஆய்வில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்திருக்கிறீர்களா? மாதிரி சேகரிக்க உங்களைப் பழனி மலைக்கு அனுப்பினால், ரத்தம் எடுப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று அங்கே இருக்கிறது. அது ஒப்புதல் வாங்குவது.

மரபணு ஆய்வுக்கு மாதிரி சேகரிப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. மனிதக் குடிபெயர்வை மரபணு வழியே தேடிய ஜெனோகிராஃபிக் திட்டத்தின் இந்திய மையம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில்தான் இயங்கியது. 12 பழங்குடிச் சமூகங்கள் உட்பட 31 தமிழகச் சமூகங்களின் 1,680 ஆண்களை ஆராய்ந்த கட்டுரை 2012இல் வெளியானது.

கொடைக்கானல் பக்கம் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் பகலில் போகாதீர்கள்; காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். மேஸ்திரியைத் துணைக்கு அழைக்கவே வேண்டாம். கூலி கொடுக்கிறவர் பக்கத்தில் நின்றால் யார்தான் "முடியாது" என்பார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி, ஊர்ப் பெரியவரின் அனுமதி உள்ளே நுழைவதற்கு மட்டுமே. ஒப்புதல் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும்.

விளக்கி முடித்ததும், "நான் எதுக்கு ரத்தம் கேக்குறேன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். "சுகர் பாக்கத்தானே?" என்று பதில் வந்தால் கைநாட்டு வாங்காதீர்கள். இது ஆஸ்பத்திரி டெஸ்ட் அல்ல, இதில் ரிசல்ட் வராது என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து, மாதிரியை நாளை யார் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வி. விஞ்ஞானிகளிடையே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. ஒவ்வொரு புது ஆய்வுக்கும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. அப்படியானால் தரவுத்தளமே நடத்த முடியாது, ஒரே தடவை பரந்த ஒப்புதல் போதும் என்பது மறுதரப்பு. 5 லட்சம் பேரைக் கொண்ட பிரிட்டனின் யுகே பயோபேங்க் அந்த வழியில்தான் நடக்கிறது. என் கட்சி, படிநிலை ஒப்புதல். இந்த ஆய்வுக்கு மட்டுமா, வேறு நோய் ஆய்வுக்கும் சரியா, வம்சாவளி ஆய்வுக்கும் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்பது. ஏனென்றால், அமெரிக்காவின் ஹவசுப்பாய் பழங்குடி மக்கள் 1990களில் நீரிழிவு ஆய்வென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு ஆய்வுக்கும் குடிபெயர்வு ஆய்வுக்கும் போனது. 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

"உங்க பேர் வெளியே வரவே வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள். பெயர் நீக்கிய மரபணுத் தரவிலிருந்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று மரபியல் ஆய்வாளர் யானிவ் எர்லிக்கின் குழு 2013இல் காட்டிவிட்டது. அதிலும் பளியர் போன்ற சிறிய சமூகத்தில் ஆள் பெயரை எடுத்தாலும் சமூகத்தின் பெயர் கட்டுரையில் நிற்கும். அதனால் வரும் கெட்ட பேச்சு அந்தச் சமூகத்தில் எல்லாருக்கும்தான் வரும். அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்றைக்கு இத்தனை மாதிரி வேண்டும் என்று மேலிடம் நெருக்கினாலும், தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். பிறகு மனம் மாறினாலும் விலகலாம் என்று சொல்லுங்கள். மலையிறங்கும் முன், படிவத்தின் தமிழ் நகலும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.