மிரளும் குதிரைக்கு எந்த வழி?

மிரளும் குதிரையை டிரஸ்ஸாஜ் போட்டிக்கு எப்படித் தயார் செய்வது என்று ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் லாயம் நடத்துகிறவர் விசாரித்தால் நாலு யோசனை கிடைக்கும். போட்டியன்று காலையில் நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக ஓடவிட்டுக் களைக்க வைத்துவிடுங்கள் என்பார் ஒருவர். சின்னதாக ஒரு மருந்து போதும் என்பார் இன்னொருவர். லாரி போகும் ரோட்டோரம் கட்டிப்போடுங்கள், தானே பழகிவிடும் என்பது மூன்றாவது. வெளியூர்ப் பயிற்சியாளரிடம் மூன்று மாதம் விட்டுவிடுங்கள் என்பது நாலாவது. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. லாயத்தில் தினமும் நடப்பதையே மாற்றுவது. அதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. போட்டியில் மைதானத்துக்குள் குதிரை இருக்கப்போவது ஐந்தாறு நிமிடம்தான், அந்த நிமிடங்களைத் தீர்மானிப்பதோ மீதி நேரமெல்லாம் அது வாழும் வாழ்க்கை. அதனால் லாயத்தையே கையில் வைத்திருப்பவருக்குத்தான் இந்த வேலையில் அனுகூலம் அதிகம் என்பது என் கட்சி.

முதலில், குதிரையிடம் கேட்கப்படுவது என்ன? அடிமட்டப் போட்டிக்கு 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் உள்ள மணல் தரை, நம் கணக்கில் சுமார் மூன்றரை கிரவுண்டு. பெரிய போட்டிக்கு 20-க்கு 60. ஓரத்தில் தாழ்வான வெள்ளைத் தடுப்பு, அதையொட்டி எழுத்துப் பலகைகள், சி என்ற எழுத்துக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நடுவர். நடை, டிராட், கேன்டர் என்று எழுதிவைத்த வரிசையில் ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண். 2023 செப்டம்பர் 26-ஆம் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் டிரஸ்ஸாஜ் குழுப் பிரிவில் தங்கம் வாங்கினார்கள். குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தக் குதிரைகள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவை. நம் லாயத்தில் நிற்பது பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட். கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் கேட்டால் பாய வேண்டும் என்றுதான் அதற்கு வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பாதி பயம், பாதி படித்த பாடம். களைப்பாலும் மருந்தாலும் பாடத்தை அழிக்க முடியாது.

களைக்க வைக்கும் வழிக்குக் கையோடு பலன் உண்டு, அதனால்தான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு மறுவாரம் வரும். தினம் ஓடுகிற குதிரைக்குத் தெம்பு கூடும், போன மாதம் இருபது நிமிடத்தில் அடங்கியது இந்த மாதம் நாற்பது கேட்கும். சின்ன வட்டத்தில் ஓட ஓட மூட்டுகள் தேயும். சென்னைப் புழுக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: வியர்வையே நின்றுபோகும் நோய். வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் குதிரைகளுக்கு வருவது. உடம்பு காய்ந்திருக்க, மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. அப்படி ஒரு குதிரையை மே மாதத்தில் வட்டமடிக்க விட்டால் அது களைக்காது, விழும். இதெல்லாம் தப்பினாலும், டிரஸ்ஸாஜில் மதிப்பெண் கிடைப்பது பின்னங்காலின் உந்துதலுக்கு. சோர்ந்துபோன குதிரையிடம் அது எங்கே இருக்கும்?

மருந்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏசிபி என்று லாயங்களில் அழைக்கப்படும் அசிப்ரோமசின் போன்றவை போட்டியில் தடைசெய்யப்பட்டவை, பிடிபட்டால் தகுதி போகும். பிடிபடாவிட்டாலும் நஷ்டம் நஷ்டம்தான். மயக்கத்தில் பார்த்த கூடாரத்தைத் தெளிந்த பிறகு பார்த்தால் குதிரைக்கு அது புதுக் கூடாரம்தான். காதில் பஞ்சு அடைப்பதும் போட்டிக்கு ஆகாது. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் துணிக் காதுறை போடலாம்.

மூன்றாவது வழிதான் நம் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம், கேட்க நியாயமாகவும் இருக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏர்ஹாரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விடும் நேரத்து வண்டிக் கூட்டம், ஆவடியில் மின்சார ரயில் – இவ்வளவுக்கும் நடுவில் வளர்கிற குதிரை எதற்கும் அஞ்சாது என்று தோன்றும். ஆனால் சத்தத்துக்கு நடுவில் இருப்பது ஒன்று, சத்தத்துக்குப் பழகுவது வேறு. டென்மார்க்கில் ஜானே கிறிஸ்டென்சன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. இரண்டு வயதான 27 ஆண் குதிரைகள், பயமுறுத்த ஒரு வெள்ளை நைலான் பை. ஒரு பிரிவுக்குப் பையை முழுசாகவே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இன்னொன்றுக்குத் தீனியோடு சேர்த்துக் காட்டினார்கள். மூன்றாவது பிரிவுக்குச் சிறுகச் சிறுக, முந்தின படியில் குதிரை அமைதியான பிறகே அடுத்த படி. மெதுவாகப் போன மூன்றாவது பிரிவுதான் குறைவாக மிரண்டது, கடைசியில் அதில் எல்லாக் குதிரைகளும் தேறின. மற்ற இரண்டிலும் சில தேறவே இல்லை. அவசரப்படாதவர்களுக்குப் பயிற்சித் தடவைகளும் குறைவாகவே தேவைப்பட்டன என்பதுதான் இதில் விசேஷம். ரோட்டோரம் கட்டிப்போட்ட குதிரை சும்மா நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். கயிறு இருப்பதால் நிற்கிறது, அவ்வளவுதான். கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், பலகை மாதிரி இருக்கும். மூக்குத் துவாரம் விரிந்திருக்கும், சாணி இளகியிருக்கும். பழகிய குதிரை தலையைத் தாழ்த்தும், வாயை மெல்லும், நீளமாக ஒரு மூச்சு விடும், ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வெடுக்கும்.

அதற்காக நம் ஊர்ச் சத்தத்தை வீணாக்கச் சொல்லவில்லை. அதைவிட மலிவான பயிற்சிச் சாதனம் கிடைக்காது, அளந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் சங்கதி. இங்கே சத்தத்துக்கு நாள்காட்டி இருக்கிறது. ஆடி பிறந்தால் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் தொடங்கித் தெருமுனை அம்மன் வரைக்கும் பம்பை, உடுக்கை, கூம்பு ஒலிபெருக்கி. ஐப்பசியில் தீபாவளி வெடி, கூடவே வடகிழக்கு மழை, தகரக் கூரையில் பெய்யும் இரைச்சல். மார்கழி முடிகிற போகிக்குப் புகையும் பிள்ளைகளின் கொட்டும். எது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிற பயங்களுக்கு முன்கூட்டியே தயாராகலாம். ஆடிக்கு ஆறு வாரம் முன்பே, தீனி போடும் நேரத்தில், பம்பை ஒலியைப் போனில் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஓடவிடலாம். குதிரை மெல்லுவதை நிறுத்தாத வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி கூட்டலாம், நிறுத்தினால் இரண்டு புள்ளி குறைத்துவிடலாம். நடுவர் மேசைக்கும் இதே கதைதான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் படபடக்கும் துணி, பிறகு விரித்த குடை, பிறகு குடையோடு உட்கார்ந்து தாள் புரட்டும் ஆள். எழுத்துப் பலகைக்குக் காலி பெயின்ட் டப்பா போதும். தீபாவளி இரவை மட்டும் பயிற்சியாக எண்ண வேண்டாம். அன்று ஜன்னலை மூடி, வைக்கோலை நிறையப் போட்டு, காலையில் குதிரைக்குக் காயமில்லாமல் இருந்தால் சரி என்று விட்டுவிடுவதே புத்தி.

பயிற்சியாளரிடம் அனுப்புவதில் நிஜமான லாபம் உண்டு: சவாரி நுட்பம், ஒழுங்கான தரை, கண்ணாடி மாதிரி தவறைக் காட்டும் ஒரு கண். குதிரைக்கு வட்டமும் வளைவும் தெரியாவிட்டால் அனுப்புங்கள். பயத்துக்காக மட்டும் அனுப்புவதானால் யோசியுங்கள். அந்த இடத்தில், அந்த ஆளோடு கற்ற தைரியத்தைக் குதிரை அப்படியே மூட்டைகட்டி இங்கே கொண்டுவருவதில்லை. ‘லாயம் நடத்துகிறவனுக்கு நேரம் ஏது? காலையில் லாடம் கட்டுகிறவர் வருவார், சாணி லாரி வரும், சாயங்காலம் பிள்ளைகள் வகுப்பு’ என்ற ஆட்சேபம் வரும், நியாயமானது. 1980-இல் வெளிவந்த ஒரு பழைய சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. மட்டக் குதிரைகளில் சிலவற்றுக்கு வாரத்தில் ஏழு நாளும், சிலவற்றுக்கு இரண்டு நாளும், சிலவற்றுக்கு ஒரே நாளும் பாடம் நடத்தினார்கள். வாரம் ஒருமுறை படித்தவைதான் மிகக் குறைந்த பாடங்களில் தேறின. நாள்கணக்கில் பார்த்தால் இழுக்கும், உழைப்புக் கணக்கில் மிச்சம். பத்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்றால் எந்த லாயத்திலும் முடியும். பாதிப் பயிற்சி தீனி நேரத்திலும், குதிரையை வெளியே கூட்டிப்போய் வரும்போதும், வேலையோடு வேலையாகவே நடந்துவிடும்.

நேரத்தைவிடப் பெரிய கேள்வி, கயிறு யார் கையில் என்பது. சுவீடனில் 2009-இல் வெளியான ஒரு சோதனையில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடம் ‘இந்தத் தடவை போகும்போது குடை ஒன்று படாரென்று விரியும்’ என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. குதிரைக்குக் குடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, கயிற்றைப் பிடித்த கை சொல்லிவிட்டது. ஆகவே பதக்க ஆசையில் நடுங்கும் சவாரிக்காரரைவிட, பீடியை அணைத்துவிட்டு நிதானமாக வரும் பழைய குதிரைக்காரரே முதல் மாதத்துக்கு உகந்தவர். துணைக்கு வரும் குதிரைக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே பழகிய குதிரையோடு சேர்த்து விட்டால் புதிய குதிரை குறைவாக மிரள்கிறது என்பதையும் கிறிஸ்டென்சன் குழுவே காட்டியிருக்கிறது. பிறகு தனியாக விட்டபோதும் அந்தப் பலன் நின்றது. துணை இல்லாவிட்டால் கனைத்துக் கலாட்டா செய்யுமே என்றால், செய்யும்தான். அதனால் துணையை முதல் வாரம் பக்கத்தில், அடுத்த வாரம் இருபதடி தள்ளி, பிறகு மறைவில் என்று அதையும் படிப்படியாக விலக்க வேண்டும்.

இனி வயிறு. மிரட்சி என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு வலி. குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டுமே சுரக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தீனி வைத்து மறுநாள் காலை ஆறுக்கு அடுத்தது என்றால், கிடைத்ததை ஒரு மணி நேரத்தில் தின்றுவிட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல் காலி வயிறு. டென்மார்க்கில் செய்த ஆய்வொன்றில், நார்த் தீனிக்கு இடையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டாலும், மாவுச்சத்து தீனி அதிகமானாலும் இரைப்பைப் புண் அதிகரித்தது தெரிந்தது. வயிற்று வார் இறுக்கும்போது கடிக்க வருவது, காலால் அழுத்தியதும் வாலைச் சுழற்றுவது – இவற்றைக் குணம் என்று எழுதிவிடுமுன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர் யாரையாவது பார்க்கச் சொல்வது நல்லது. 450 கிலோ குதிரைக்குக் காய்ந்த தீனியாக நாளுக்குக் குறைந்தது ஏழு கிலோ வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவையும் சேர்த்துப் பிரித்துப் போட வேண்டும். சவாரிக்கு அரை மணி முன்னால் ஒரு கை குதிரைமசால் கொடுத்தால் அமிலம் தெறிக்காது. பெயரிலேயே குதிரை இருப்பது சும்மாவா! ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதை நம்பிக் கொள்ளை அள்ளிப்போடுவதும், கம்பு நேப்பியர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே போடுவதும் வேண்டாம். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, நாளடைவில் எலும்பைக் கெடுக்கும்.

எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது, தரோபிரெட்டை மாற்ற முடியாது, மார்வாரி, வார்ம்பிளட் போன்ற வேறு இனம் வாங்குவதே வழி என்று கடைசியாக ஒரு வாதம். இனத்துக்கு இனம் மிரட்சி வேறுபடும் என்பது உண்மை. இறக்குமதி வார்ம்பிளட்டின் நடை நடுவர் கண்ணுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் காலி வயிறும், பதறும் கையும், ஆடி மாத ஒலிபெருக்கியும் அப்படியே இருக்கும் லாயத்துக்கு அந்தக் குதிரை வந்து சேர்ந்தால் ஆறு மாதத்தில் அதுவும் மிரளும். டென்மார்க் ஆய்வில் நைலான் பையைக் கண்டு ஓடியவை வார்ம்பிளட்டுகள்தான். லாயத்தைச் சரிசெய்து ஒரு வருடம் ஆன பிறகும் மாறாத குதிரை இருக்கலாம். அதைப் போட்டிக்கு வற்புறுத்தாமல் சும்மா சவாரிக்கு வைத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

போட்டி நெருங்கும்போது இன்னும் ஒரு தேர்வு பாக்கி. முதல் போட்டியிலேயே நுழைவதா, முதல் தடவை வெறுமனே கூட்டிப்போய் நிறுத்தித் திரும்புவதா? இரண்டாவதற்கே என் ஓட்டு. வேன் வாடகை வீண் என்று மனசு சொல்லும், ஆனால் கூடாரமும் அறிவிப்பும் முதல்முறை கண்ணில் படும் நாளில் மதிப்பெண்ணும் கேட்பது ஒரே நாளில் இரண்டு பரீட்சை. பெங்களூரு என்றால் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், முந்தின நாளே போய்விட வேண்டும். ஒரு விஷயத்தை முதல்முறை போகிறவர்கள் மறந்துவிடுவார்கள். ஆவடி வெக்கையில் பாதித் தூக்கத்தில் நின்ற அதே குதிரை, தொள்ளாயிரம் மீட்டர் உயரத்துக் காலைக் குளிரில் இறங்கினால் துள்ளும். புதிதாக வந்த மிரட்சி என்று பதறி வட்டத்தில் ஓடவிடக் கிளம்பாமல், சேணம் ஏற்றுமுன் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்தி, நடுவர் மேசையை இரண்டு பக்கமிருந்தும் முகர்ந்து பார்க்க விடுங்கள்.