கூரையின் கீழ் மிளகாய் நாற்று: நீரும் ஒளியும்

பெரும்போகத்து மிளகாய்க்கு நாற்றுமேடை போடும் காலம் செப்டெம்பர் மாதமாகும். நாற்று நடுகைக்கு ஆயத்தமாகும் வேளையிலேதான் ஒக்டோபர் மழையும் தொடங்குகிறது. திறந்த மேடையிலே ஒரே இரவில் பெய்யும் கடும்மழை, விதையைக் கழுவிச் செல்லும். முளைத்தவற்றை மண்ணோடு சாய்த்துவிடும். மறுமுறை விதைத்தால் மூன்று கிழமை பிந்தும். பிந்திய பயிர் மழைநீரின் முழுப் பயனையும் பெறாது. ஆதலால் நாற்றைக் கூரையின் கீழ், தட்டுகளில் வளர்த்தெடுத்தல் ஆலோசிக்கத்தக்கது.

இதற்குப் பெருநிலம் தேவையில்லை என்பதற்குப் புறக்கோட்டையே சான்று. நாலாம் குறுக்குத் தெருவிலே செத்தல் மிளகாய் மூடை மூடையாக விற்பனையாகிறது. அவற்றுட் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. அத்தெருவிலே செடி ஊன்ற ஒரு பாத்தியளவு மண்ணும் கிடையாது. எனினும் அங்குள்ள மேல்மாடி யன்னலோரம் ஒன்றில் ஒரு குடும்பத் தோட்டத்துக்கு வேண்டிய நாற்று முழுவதையும் வளர்த்துவிடலாம். கிராமத்து வீட்டு விறாந்தையிலோ இது இன்னும் எளிது.

விதையை வாங்கியவுடன் விதைத்தல் கூடாது. 50 விதைகளை எண்ணி ஈரத்துணியிற் சுற்றி, துணி காயாமல் வைத்திருந்து பத்தாம் நாள் பிரித்துப் பார்க்க வேண்டும். 40 முளைத்திருப்பின் நல்ல விதை. 25 தான் முளைத்ததெனின் அவ்விதையை விடுவதே நன்று; மலிவு விலைக்கு வாங்கியது என்பதற்காக அதனை விதைப்போர் நட்டத்தையே விதைக்கின்றனர்.

மேல்மண், மணல், நன்கு மக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து கொள்க. தும்புத்தூள் சேர்ப்பதாயின், அதனை நல்ல நீரிற் பலமுறை அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். புதிய தூளிலுள்ள உப்பும் துவர்ப்பும் இளவேரைத் தாக்கும். கலவையின் மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டால் நோய்க் காளான்கள் பெரும்பாலும் மடியும். விதையை அரைச் சென்ரிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை ஆழத்தில் இட்டு மூடுதல் போதும். தக்காளி ஏறக்குறைய ஒரு கிழமையில் முளைக்கும். மிளகாய்க்குப் பத்து நாளும் அதற்கு மேலும் செல்லலாம்.

கூரையின் கீழ் வளரும் நாற்றை வரட்சி கொல்வது அரிது; மிகுந்த நீரே கொல்கிறது. நெல் நாற்றுக்குப் பழகிய கை, மிளகாய்த் தட்டிலும் நீரைத் தேக்க முனைகிறது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் வழிகள் உண்டு. அதனால் அது சேற்றில் வாழும். மிளகாய் வேருக்கோ மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள காற்றே மூச்சு. அவ்விடத்தை நீர் நிறைத்தால் வேர் அழுகும். நாற்று அழுகல் நோயும் ஈரத்தோடேயே வரும். முதலில் தண்டின் அடி நீர்கோத்தாற் போலக் கபில நிறமாகிச் சுருங்கும். மறுநாட் காலை நாற்று சாய்ந்து கிடக்கும். சாய்ந்ததைப் பிழைக்கவைக்க மருந்தில்லை. அதனைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அகற்றி, நீரை நிறுத்தி, காற்றோட்டம் கொடுத்து, எஞ்சியதைக் காக்க வேண்டும்.

எப்பொழுது நீர் விடுவது? தட்டைத் தூக்கிப் பார்த்தலே சிறந்த முறை. நீர் நிறைந்த தட்டின் பாரத்தைக் கை இரண்டு நாளில் அறிந்துகொள்ளும். தட்டு இலேசாகி, மேல்மண் விரலில் ஒட்டாதிருக்கும்போது, காலையில் நீர் விட வேண்டும். மாலையில் விட்டால் இரவு முழுவதும் ஈரம் தங்கும். அடியில் துளையுள்ள தட்டை ஆழமற்ற நீரிலே கால் மணி நேரம் வைத்து, எடுத்து வடியவிடுதல் பூவாளியிலும் மேலானது. குழாய் நீரிலுள்ள குளோரினுக்கு அஞ்ச வேண்டியதில்லை. குடிக்கும் நீர் நாற்றுக்கும் ஏற்றதே.

ஒளி குறைந்தால் நாற்று நெடுத்து, வெளிறி, யன்னற் பக்கம் வளையும். அத்தகைய நாற்றின் தண்டு வயற் காற்றைத் தாங்காது. கொழும்பிலே பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 11¾ மணியிலிருந்து 12½ மணி வரையே வேறுபடும். ஆனால் சூரியன் நிற்கும் பக்கம் மாறும். டிசெம்பரில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து வரும். யூனில் வடக்கிலிருந்து வரும். ஆகவே தை மாதத்திற்கு உகந்த யன்னல் ஆனியிலே உதவாது. கிழக்கு யன்னல் எக்காலத்துக்கும் ஏற்றது. தட்டை நாள்தோறும் அரைச் சுற்றுத் திருப்பி, பின்புறம் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்துக.

அயற் கட்டடம் வெயிலை மறைக்குமிடத்தில் மின்னொளி வேண்டியிருக்கும். பழைய இழைக்குமிழ் பெரும்பாலும் வெப்பத்தையே தரும்; அது பயன்படாது. வெள்ளை எல்.ஈ.டி. குழல்விளக்கை நாற்றின் நுனிக்கு மேல் 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துதல் வேண்டும். 18 வாற்று விளக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் ஏழரை அலகு மின்சாரமே செலவாகும். இரவிலே விளக்கை அணைக்க வேண்டும். இடைவிடா ஒளியிலே தக்காளி இலை மஞ்சளாகும். நீரும் மின்கம்பியும் அருகருகே இருப்பதால், நீர் விடுமுன் மின்னைத் துண்டிக்கத் தவறலாகாது.

வெண்ணீயும் பனிப்பூச்சியும் கூரையைப் பொருட்படுத்தா. இலைச் சுருளுக்குக் காரணமான இவற்றைத் தடுக்க நெருக்கமான கண்ணுள்ள வலையால் தட்டை மூடுக.

நான்கைந்து இலை வந்த நாற்றை நேரே வயலுக்குக் கொண்டு செல்லலாகாது. நடுகைக்கு ஒரு கிழமை முன்பிருந்து, முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், பின்னர் நாளுக்கு நாள் கூடுதலாக எனப் பழக்கி, நீரையும் சற்றுக் குறைக்க வேண்டும். தக்காளியை மூன்று முதல் நான்கு கிழமையிலும், மிளகாயை நான்கு முதல் ஐந்து கிழமையிலும், வெயில் தாழ்ந்த மாலை வேளையிலே வேர்மண் உதிராமல் நட்டு, உடனே நீர் வார்க்க.