உண்ணத் துணையிருப்போம்

தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அவளுக்கு வயது 12; நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் அமரும் வயது. அவள் எழுந்து நடந்ததும் சுற்றியிருந்தோர் மலைத்து நின்றார்கள். ஆண்டவரோ அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். அத்தனை பெரிய புதுமைக்குப் பின்னும், அந்தச் சிறுமிக்கு உணவு வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. உண்ண முடியாமற்போன ஒரு பெண் மீண்டும் உண்ணத் தொடங்கும்போது, அவளருகே இருக்க வேண்டிய துணையைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்கப் போகிறோம்.

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்குப் பசி புதிதன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் கம்பங்கூழைப் பங்கிட்டுக் குடித்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, பானை நிறையச் சோறிருக்க ஒரு பெண் உண்ண மறுத்தால், அதைத் திமிர் என்கிறார்கள். செல்லம் கொடுத்ததன் பலன் என்கிறார்கள். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கவும் அழைத்துப் போகிறார்கள். உண்மையில் அது ஒரு நோய். இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களிலேயே அதற்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். எங்கே பருத்து விடுவோமோ என்ற அச்சம் அவளைப் பிடித்துக் கொள்கிறது. மெலிந்த பின்னும் கண்ணாடி அவளுக்குப் பருமனையே காட்டுகிறது. அடக்க முடியாமல் மிகுதியாக உண்டு, பிறகு அதற்காக அஞ்சித் தன்னையே வருத்திக் கொள்ளும் 'புலிமியா' என்ற நோயை, 1979-இல் ஜெரால்டு ரசல் என்ற மருத்துவர் விளக்கினார். இவை மேனாட்டாருக்கே உரியவை என்று ஒதுக்கவும் முடியாது. உணவையும் எடையையும் பற்றிய கவலை நம் மாணவரையும் வாட்டுவதைச் சென்னை மனநல மருத்துவர்கள் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

"நன்றாகச் சாப்பிடு" என்று புத்தி சொன்னால் போதாதா? போதாது. அதன் காரணத்தை ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், உடல்நலமும் மனநலமும் வாய்ந்த 36 இளைஞரை, அவர்களுடைய சம்மதத்துடன், 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் குளிர் தாங்காமல் நடுங்கினார்கள். நண்பரை விட்டு விலகினார்கள். சிறு காரியத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். நாள் முழுதும் உணவையே எண்ணிச் சமையற் புத்தகங்களைப் படித்துக் கொண்டிருந்தார்கள். பட்டினியே மனத்தைத் திரித்து விடுகிறது என்பது இதனால் விளங்கும். உண்டால்தான் மனம் தெளியும். மனம் தெளிந்தால்தான் உண்ண முடியும். இந்த முடிச்சை நோயுற்ற பெண் தனியே அவிழ்ப்பது மிகக் கடினம்.

விளையாட்டுத் திடலில் நம்மைப் பயிற்றுவிக்கும் 'கோச்'சை எண்ணிப் பாருங்கள். அவர் நமக்குப் பதிலாகக் களத்தில் ஓடுவதில்லை. கோட்டருகே நின்று, "இன்னும் ஒரு சுற்று" என்கிறார். விழுந்தால் தூக்கிவிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு வருகிறார். இந்த நோயிலிருந்து மீள்வோருக்கும் இத்தகைய பயிற்சித்துணை உண்டு. இந்நோயில் தாமே விழுந்து எழுந்து, பின்னர் பிறருக்குச் சிகிச்சை அளித்த கரோலின் காஸ்டின் என்ற அமெரிக்க அம்மையார், இத்தகைய துணைவரைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்றையே ஏற்படுத்தினார். துணைவர் செய்வது என்ன? சாப்பாட்டு வேளையில் கூட அமர்ந்து, தாமும் உண்கிறார். அந்த வாரத்துக்கு ஒரே ஒரு சிறு குறிக்கோளை அவளோடு சேர்ந்து முடிவு செய்கிறார். உண்டு முடித்தபின் அச்சம் மேலிடும் வேளையில் வேறு பேச்சுப் பேசித் துணையிருக்கிறார். நம் ஊரானால், கல்யாணப் பந்திக்கோ ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கோ போகுமுன், "அங்கே யார் என்ன சொல்வார்கள், நீ என்ன பதில் சொல்வாய்?" என்று அவளோடு பேசிப் பழக்குவது அவர் வேலையாக இருக்கும்.

வீட்டில் இப்பணிக்கு முதலில் உரியவர்கள் பெற்றோர். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையார் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நோயுற்று அதிக காலம் ஆகாதவர்களுக்குக் குடும்பத்தாரைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சை மிக்க பயன் தந்தது. முதலில் பெற்றோரே உணவின் பொறுப்பை ஏற்கிறார்கள். மகள் தேறத் தேற, அப்பொறுப்பைச் சிறிது சிறிதாக அவளிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். அங்குப் பணியாற்றிய ஜேனட் டிரெஷர் என்ற பேராசிரியை இதை அழகிய உவமைகளால் விளக்குகிறார். கங்காருவைப் போல் பையில் வைத்து மூடவும் வேண்டாம்; காண்டாமிருகத்தைப் போல் வாதத்தால் முட்டவும் வேண்டாம்; தீக்கோழியைப் போல் காணாதிருக்கவும் வேண்டாம். டால்பினைப் போல் பக்கத்தில் நீந்தி, வேண்டும்போது மெல்ல உந்திவிட வேண்டும் என்கிறார்.

கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவக்கால ஒருசந்தி என்ற பெயரில் இந்நோய் மறைந்து கொள்ளக்கூடும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 18 வயது நிறையாதவர்களை ஒருசந்திக்குக் கட்டாயப்படுத்தவில்லை. நோயுற்றவர்களையும் திருச்சபைத் தாய் வற்புறுத்துவதில்லை. 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தப்பட்ட சியன்னா நகர்ப் புனித கத்தரீன், இளமை முதல் கடும் நோன்பிருந்து, இறுதியில் உண்ண விரும்பியும் உண்ண இயலாதவரானார். 33 வயதில் 1380-இல் இறந்தார். மற்றவர்களைப் போல் உண்ணும் வரம் வேண்டித் தாம் மன்றாடுவதாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அன்பையும் துணிவையும் பின்பற்றுவோம், பட்டினியை அன்று.

துணை எவ்வளவு நல்லதாயினும், அது மருத்துவருக்கு ஈடாகாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென விருந்து வைத்தால், இரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு குலைந்து இருதயமே பாதிக்கப்படலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவை எவ்வளவு, எவ்வேகத்தில் கூட்டுவது என்பதை அவரே கூறுவார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அணுகலாம். 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்ற அரசு உதவி எண் 14416-க்குக் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இனி நம்மைப் பற்றி. டிபன் பாக்சைத் திறந்து, முட்டையை ஒருத்திக்கும் சோற்றை இன்னொருத்திக்கும் கொடுத்துவிட்டு, "தலைவலி" என்று எழுந்து போகும் தோழியை நாம் கண்டிருக்கலாம். முட்டை கிடைத்த மகிழ்ச்சியில் சும்மா இருந்திருக்கலாம். "குண்டு", "பூசணி" என்று ஒருத்திக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரித்ததும் நாம்தானே? அவள் அன்றிரவு சாப்பிட்டாளா என்று நாம் கேட்டதில்லை. எனவே இவ்வாண்டு மூன்று காரியங்கள் செய்வோம். எவருடைய உடலையும் பற்றிப் புகழ்ந்தோ பழித்தோ பேசாதிருப்போம். உண்ணாத தோழியைக் கண்டால், அவளை எல்லார் முன்னும் கேட்காமல், அருட்சகோதரியிடமோ வகுப்பாசிரியையிடமோ தனியே சொல்வோம். அது கோள் சொல்வதாகாது. சிகிச்சை பெற்றுத் திரும்பி வருபவளுக்கு, மதிய வேளையில் நம் வரிசையில் ஓர் இடம் வைத்திருப்போம்.

அவள் தட்டை எண்ணிப் பார்க்க வேண்டாம். அருகே அமர்ந்து, நம் சோற்றை நாம் உண்டு, அவள் முடிக்கும் வரை எழாமல் இருந்தால் போதும்.