வாக்கிங்கா, புரதப் பவுடரா, நாற்காலியா?

எழுபதைத் தாண்டிய அப்பா மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுகிறார். அம்மாவால் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவர்கள் இதற்கு மூப்புத் தளர்ச்சி என்று பெயர் சொல்கிறார்கள். 2001-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடின் குழு வகுத்த ஐந்து அடையாளங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: முயற்சி செய்யாமலே ஓராண்டில் நாலரை கிலோவுக்கு மேல் எடை இறங்குவது, ஓயாத அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை மந்தமாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டுதான் என்றால் இன்னும் திருப்ப நேரமிருக்கிறது. எதைக் கொண்டு திருப்புவது?

பிள்ளைகளின் முதல் தேர்வு பெரும்பாலும் ஒரு டின் பவுடர். வாங்குவது சுலபம், கடமை முடிந்த திருப்தியும் கிடைக்கும். 1994-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தளர்ந்துபோன நூறு பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சராசரி வயது 87. பத்து வாரம் சிலருக்குக் கால் தசைக்கான எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும். பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நடையிலும் படியேறுவதிலும் வேகம் வந்தது. பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. இல்லத்தில் இருப்பவர்களுக்கே இப்படியென்றால், வீட்டில் எழுந்து நடமாடுகிறவர்கள் தயங்கக் காரணமில்லை.

வாக்கிங் நல்லதுதான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உதவும். பூங்கா பெஞ்சில் அரசியல் பேச ஆள் கிடைப்பதும் சின்ன விஷயமல்ல. ஆனால் சமதரையில் நிதானமாக நடப்பதால் தொடைத் தசைக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிட நடமாட்டத்தோடு நிறுத்தாமல், இரண்டு நாள் தசைப் பயிற்சியும், சமநிலைப் பயிற்சி சேர்ந்த மூன்று நாளும் வேண்டும் என்கிறது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், என் ஓட்டு நாற்காலிக்கு. சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடியுள்ள, ஆடாத நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முதலில் ஐந்து தடவை. முடியாவிட்டால் கையை ஊன்றியே தொடங்கலாம். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் பலன் நின்றுவிடும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

புரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதியோருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தேவை என்பது நிபுணர் குழுக்களின் பரிந்துரை. அறுபது கிலோ இருப்பவருக்கு அறுபது கிராம். காலையில் இரண்டு இட்லி, ராத்திரி கஞ்சி என்று போனால் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மாலைக் காபியோடு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், கஞ்சியோடு பயறு, மதியம் கெட்டித் தயிர் என்று சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். பல் இல்லாதவருக்கும் சாப்பாடு ருசிக்காதவருக்கும் பவுடர் உதவலாம். டின்னின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எடை இறங்கிக்கொண்டே போனால் இந்தத் தேர்வெல்லாம் பிறகு. தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் என எது காரணம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.