நோயின் ஊரைத் தேடிய கவிஞர்

1883-ஆம் ஆண்டு. பெங்களூரில் இருந்த படை மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் கொசுத்தொல்லை மிகுந்திருப்பதைக் கண்டார். சன்னலுக்கு வெளியே வைத்திருந்த நீர்த்தொட்டியில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. அதிகாரிகளின் உணவுக்கூடத்துப் பூந்தொட்டிகளிலும் மற்றக் கலங்களிலும் இதே புழு இருக்கிறது, அவற்றையும் கொட்டிவிடலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னார். அவரோ, கொசுவும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகப் படைக்கப்பட்டதே, இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பது தகாது, பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று மறுத்துவிட்டார். நம் ஊர்க் கூட்டங்களிலும் இவ்விடையை வேறு சொற்களில் நாம் கேட்டிருக்கிறோம்.

அம்மருத்துவர் ரொனால்டு ராஸ். 1857 மே 13-ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தவர். தந்தை படைத்தலைவர். மகனுக்கோ ஓவியத்திலும் கவிதையிலும் இசையிலுமே நாட்டம். தந்தையின் விருப்பத்துக்கு இணங்கி மருத்துவம் பயின்று, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். கவிதையை அவர் விடவில்லை. இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் எழுதிய பாடல்கள் பின்னர் நூல்களாக வெளிவந்தன. காய்ச்சலால் மெலிந்த முகங்களும் வறண்ட நிலமும் விடை கிட்டாத ஏக்கமும் அவற்றில் நிறைந்துள்ளன. மருத்துவத்தைச் சோறு போடும் தொழிலாகவே கருதியிருந்த அவரை, அத்துயரமே ஆராய்ச்சிக்கு இழுத்தது என்பது நம் கருத்து.

ஒரு நோய் எந்த நிலத்தில், எந்த நீரில், எத்தகைய குடியிருப்பில் வேரூன்றுகிறது என்று ஆராயும் துறையை நலவாழ்வுப் புவியியல் என்று இன்று அறிஞர் அழைக்கின்றனர். ராஸின் காலத்தில் அப்பெயர் வழக்கில் இல்லை. ஆயினும் அவர் செய்த வேலையின் பெரும்பகுதி அதுவே.

1897-இல் அவர் விடுமுறையில் உதகமண்டலம் சென்றார். ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலையில் மலேரியா இல்லை. அங்கிருந்து இறங்கிச் செல்லும் சீகூர் பள்ளத்தாக்கிலோ காய்ச்சல் ஓயாது. தோட்டத் தொழிலாளர் பலர் அதற்கு இரையாயினர். சில கல் தொலைவில் ஏன் இத்தனை வேற்றுமை என்று அறியக் கல்லட்டி வழியே இறங்கினார். வலைக்குள் படுத்தும் அவருக்கே காய்ச்சல் கண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்தராபாத்தில் விடை கிடைத்தது. ஈராண்டுகளாக அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் மலேரியாவைப் பரப்பாத வேறு இனக் கொசுக்கள், உழைப்பெல்லாம் வீணாயிற்று. பிறகு இறகில் புள்ளிகள் கொண்ட ஒருவகைக் கொசு கையில் அகப்பட்டது. அதுவே அனாபிலிஸ். ஹுசேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி பெற்றுப் பத்துக் கொசுக்களைத் தம்மைக் கடிக்க விட்டார். விசிறி வீசினால் கொசு பறந்துவிடும் என்று அப்புழுக்கத்திலேயே ராஸ் உழைத்தார். நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. ஆகஸ்ட் 20-இல், எஞ்சியிருந்த கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அம்மகிழ்ச்சியைத் தம் மனைவிக்குக் கவிதையாக எழுதி அனுப்பினார். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாவைக் கொண்டு, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுவதை நிறுவினார். மனிதரிடத்தும் அவ்வாறே என்பதை இத்தாலிய அறிஞர்கள் காட்டினர். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பலர் கதையை இங்கே முடித்துவிடுவர். பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நமக்குப் பயன்படும் பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது.

எகிப்தில் சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மாயிலியா என்றொரு நகரம் உண்டு. பாலைநிலத்தில் எழுந்த அந்நகருக்கு நைல் நதியிலிருந்து நன்னீர்க் கால்வாய் வந்தது. தோட்டமும் பயிரும் வந்தன. 1877 முதல் காய்ச்சலும் வந்தது. 1902-இல் கால்வாய்க் கம்பெனியார் ராஸை அழைத்தனர். அவர் தேங்குநீர் எங்கெங்கே இருக்கிறதென்று தேடினார். சதுப்புகள் தூர்க்கப்பட்டன, வாய்க்கால்களில் புல்பூண்டு அகற்றப்பட்டது, கழிவுநீர்க் குழிகளில் எண்ணெய் ஊற்றச் சிறு பணியாளர் குழு தவறாது சுற்றிவந்தது. அவ்வாண்டு 1,500-க்கு மேல் இருந்த நோயாளர் தொகை, 1903-இல் ஏறத்தாழ 200 ஆயிற்று. 1904-இல் நூற்றுக்கும் குறைந்தது.

இதே முயற்சி லாகூரை அடுத்த மியான் மீர் பாளையத்தில் வெற்றி பெறவில்லை. அங்கே வயலும் பாசனக் கால்வாயும் சூழ்ந்திருந்தன. சுத்தம் செய்த எல்லைக்கு வெளியிலிருந்து கொசு வந்துகொண்டே இருந்தது. கொசுவொழிப்பால் பயனில்லை என்று பலர் முடிவு கட்டினர். எடுத்துக்கொண்ட பரப்பும் செலவிட்ட பணமும் போதாதவை என்று ராஸ் கடுமையாக வாதாடினார். அவர் சினத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பாலைவன நகரையும் நெல்விளையும் ஊரையும் ஒரே கோலால் அளக்க முடியாதென்பதும் உண்மையே. நிலத்தை அறியாமல் திட்டம் வகுத்தல் ஆகாது.

1907-இல் மொரீசியஸ் தீவுக்குச் சென்றார். சென்னை மாகாணத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் குடியேறியோர் நிறைந்த தீவு அது. 1860-களின் பிற்பகுதியில் மலேரியா அங்கே பெருங்கொள்ளையாகப் பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்திருந்தது. அங்கே குழந்தைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தடவிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை என்று ஊர்வாரியாகக் கணக்கிட்டார். அடிக்கடி மலேரியா கண்ட குழந்தைக்கு மண்ணீரல் பெருக்கும். ஆகவே அக்கணக்கே நோயின் வரைபடம் ஆகும். 1840-களிலேயே வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் கையாண்ட முறை இது. அதனோடு ராஸ் கணிதத்தைச் சேர்த்தார். எல்லாக் கொசுவையும் எவரால் கொல்ல முடியும் என்று கேலி செய்தோருக்கு, எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை, மக்கள் தொகைக்கு ஏற்ற ஓர் அளவுக்குக் கீழே கொசு குறைந்தால் நோய் தானே தேய்ந்து மறையும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1910-இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு நூலில் இது விரிவாக உள்ளது. அவ்வாண்டிலேயே அவருடைய கவிதை நூலொன்றும் வெளிவந்தது.

அளவுக்குக் கீழே வந்தபின் கைவிட்டால் என்னவாகும் என்பதற்கு நம் நாடே சான்று. 1960-களின் முற்பகுதியில் இந்தியாவின் மலேரியா நோயாளர் தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. 1976-இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது.

1932-இல் ராஸ் மறைந்தார். கல்கத்தாவில் அவர் ஆராய்ந்த மருத்துவமனை வாயிலில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவு வளைவில் அவருடைய கவிதை அடிகளே பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் செய்த சோதனையை நாமும் செய்யலாம். பாழுங்கிணறு, மண் எடுத்த குழி, மதகடிக் கசிவு, மூடியில்லாத மேல்நிலைத்தொட்டி ஆகியவற்றிலிருந்து வெண்கிண்ணத்தில் நீர் முகந்து பார்க்கவேண்டும். புழு நீரின் மேற்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் அது அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். யானைக்கால் நோயையும் டெங்குவையும் பரப்புவன அவ்வினங்களே, ஆகவே அதையும் விட்டுவைத்தலாகாது. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே இந்தச் சுற்று வாரத்துக்கு ஒரு முறை நடைபெற வேண்டும். பார்த்த இடங்களை ஊர் வரைபடத்தில் குறித்துவர வேண்டும்.