ஷோரூம் கோட்டிங் தேவையா?

கேள்வி: ஓசூரில் புதுக் கார் எடுக்கிறோம். டெஃப்லான் கோட்டிங் போட்டே ஆகணும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். தொழிற்சாலையிலேயே நிறத்தின் மேல் கிளியர் கோட் அடித்துத்தான் வண்டி வருகிறது. ஷோரூமில் தேய்ப்பது பெரும்பாலும் சில மாதங்களில் போய்விடும் பூச்சு. செராமிக் கோட்டிங் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும், கழுவுவதும் சுலபம். ஆனால் அதுவும் சில மைக்ரான்தான். கிருஷ்ணகிரி சாலையில் லாரி டயரிலிருந்து தெறிக்கும் சல்லிக்கு அது எம்மாத்திரம்? சல்லிதான் பயமென்றால் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) படலத்தை பானட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் ஒட்டுங்கள். வெளிக்கடையிலும் விலை கேளுங்கள். நம் பக்கத்தில் பெயிண்டைக் கெடுப்பது கிரானைட் தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம். முதலில் தண்ணீர் அடியுங்கள். கோட்டிங்கை பில்லில் ஏற்கெனவே சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அது கட்டாயமில்லை.