மண் மாதிரிக்குத் தகரவாளி வேண்டாம்

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைப் பந்தல். இளந்தளிர் சிறுத்து, நரம்புக்கு நடுவே வெளுத்துக் கிடந்தது. மண் பரிசோதனை முடிவிலோ துத்தநாகம் போதுமான அளவு என்று இருந்தது. மாதிரி எடுத்த வாளியைக் காட்டச் சொன்னேன். துத்தநாகம் பூசிய பழைய தகரவாளி. அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

தமிழ்நாட்டில் மண்ணில் துத்தநாகம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறோம். ஆய்வுக்கு அனுப்பும் அரைக் கிலோ மண்ணுக்கு 0.6 மில்லிகிராம்தான் வருகிறது. அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை உதிர்ந்தால் போதும், முடிவு தலைகீழாகிவிடும்.

குழி வெட்டத் தெரியாதவர் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை. சருகை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். வரப்போரமும் எருக்குவியல் பக்கமும் வேண்டாம். மண்வெட்டி பட்ட மண்ணை மட்டும் மூங்கில் சிராயால் சீவித் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுங்கள்.

வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஆனால் பந்தலுக்கு அடிக்க மயில்துத்தம் கரைத்த வாளியாக இருக்கக் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கைப்பிடி இடுக்கில் நீலக்கறை நிற்கும்; அது தாமிரம். மண்ணுக்கென்றே தனி வாளி வாங்கிவிடுங்கள். மருந்து கலந்த கையோடு மண்ணை அள்ளவும் வேண்டாம்.

உலர்த்துவது நிழலில், புதுப் பாலித்தீன் விரிப்பில். உரச்சாக்கைக் கழுவி விரிப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. கட்டிகளை மரச்சுத்தியலால் தட்டுங்கள், இரும்பு உலக்கையால் அல்ல.

அதிகம் ஏமாறுவது சல்லடையில்தான். பித்தளை வலை பார்க்கப் பளபளவென்று இருக்கும். பித்தளை என்பதே தாமிரமும் துத்தநாகமும்தானே! 2 மில்லிமீட்டர் நைலான் வலைதான் சரி. ஒரு தோட்டத்து மண் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஈரத்தில் அடுத்த மண் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தூரிகையால் தட்டித் துடையுங்கள். பிறகு அடுத்த தோட்டத்து மண்ணிலேயே இரண்டு கைப்பிடி சலித்துக் கீழே கொட்டிவிடுங்கள். முன்னதன் மிச்சம் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு சலிப்பதுதான் மாதிரி. நெல்வயல் மண்ணை முதலிலும் வருஷக்கணக்காக மருந்தடித்த பந்தல் மண்ணைக் கடைசியிலும் சலிப்பது என் வழக்கம்.

புதுப் பையில் போட்டு, சர்வே எண்ணையும் ஆழத்தையும் பென்சிலால் எழுதிய சீட்டைச் சின்ன உறையில் இட்டு வையுங்கள். நுண்ணூட்டமும் பார்க்க வேண்டும் என்று படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கவாத்துக்கு முன் மண் எடுக்கப் போகிறவர்கள், அந்தத் தகரவாளியை இன்றைக்கே மாட்டுக்கொட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள்.